ஏழாவது பெயர்

ஸ்ரீவில்லிபுத்தூர்
14.7.2025, திங்கள்

சௌந்தரபாண்டியனுக்கு,

'செயலாளர் அவர்களுக்கு' என்று தொடங்கி, அடித்துவிட்டு, வேறு தாள் எடுத்து எழுதுகிறேன். நாற்பத்து மூன்று வருஷமாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஆளுக்கு 'அவர்கள்' போட்டால் எனக்கே சிரிப்பு வரும். நான் சிரிக்கும் நிலையில் இல்லை.

போனில் பேசலாமே என்பாய். போனில் நீ இரண்டு வார்த்தை சத்தமாகச் சொன்னால் நான் சொல்ல வந்தது மறந்துவிடும். வாட்ஸ்அப் குரூப்பில் எழுதலாம் என்றால், போன செவ்வாய்க்கிழமை என்னை அதிலிருந்து நீக்கிவிட்டாய். கோல்கீப்பரைப் பற்றிப் பதினாலு குறிப்புகள் போட்டது குற்றம். பதினாலும் சரிதானா என்று மறுபடி படித்துப் பார்த்தேன். ஒன்பதாவது கொஞ்சம் கடுமை. மற்றவை சரி.

நேற்று சிவகாசியிடம் ஐந்து-பூஜ்யம். தோற்பது எனக்குப் புதிதல்ல. சஞ்சீவி ஃபுட்பால் கிளப்பின் 611 ஆட்டங்களை இந்தக் கையால் குறித்திருக்கிறேன். அதில் 240 தோல்வி. ஆனால் இப்படித் தோற்றதில்லை. கையில் பந்து வந்தால் கோல்கீப்பர் என்ன செய்ய வேண்டும்? உதைக்க வேண்டும். நம் கோல்கீப்பர் உதைக்க மாட்டேன் என்கிறான். பக்கத்தில் நிற்கும் பேக்குக்கு மெதுவாக உருட்டுகிறான். அவன் பயந்து திருப்பி உருட்டுகிறான். இதற்குப் பெயர் 'பில்டப்' என்று டேப்லட் வைத்திருக்கும் கோச் சொன்னார். ஐந்தில் மூன்று கோல் இந்த பில்டப்பில் போனது. நிமிஷங்கள்: 9, 27, 58.

நாலு கோல் வாங்கிய பிறகு நம் விங்கர் சோலைராஜ் எதிராளியின் காலிடுக்கில் பந்தை விட்டு எடுத்தான். நன்றாகத்தான் எடுத்தான். எடுத்தவன் ஓடவில்லை. கோட்டருகே நின்ற கேமராவைப் பார்த்துக் கைகளை விரித்து நின்றான். ரீல்ஸாம். அதற்குள் பந்தைப் பறித்துக்கொண்டு போய் ஐந்தாவதைப் போட்டுவிட்டார்கள்.

கிளப்பின் பெயர் இந்த வருஷம் 'ராஜபாளையம் ரைனோஸ்'. நம் ஊரில் நாய் உண்டு. மலையில் அணில் உண்டு, புலியும் உண்டு. காண்டாமிருகத்தை யாரப்பா பார்த்தது? பிளாட் போட்டு விற்கும் கம்பெனிக்காரர் ஆசைப்பட்டார் என்று சட்டையும் ஆரஞ்சும் கறுப்புமாகிவிட்டது. 1961-ல் மில் தொழிலாளிகள் பேண்டேஜ் துணியில் தைத்துப் போட்ட வெள்ளைச் சட்டை என்ன பாவம் செய்தது?

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். நேற்று மஸ்டர் வாசிக்கும்போது டிஜே பாட்டை நிறுத்தவில்லை. மில்லில் ஷிப்ட் ஏறுமுன் பெயர் கூப்பிடுவது போல, ஆட்டத்துக்கு முன் பதினொரு பேரையும் கோட்டில் நிறுத்திப் பெயர் வாசிப்பது இந்த கிளப் பிறந்த நாளிலிருந்து வழக்கம். 1982 முதல் நான் வாசிக்கிறேன். தொடர்ந்து மூன்று தடவை ஆப்சென்ட் ஆனால் பெயரை அடித்துவிட வேண்டும் என்று கேப்டனாக இருந்து விதி போட்டவன் நீ. உன் சொந்தத் தம்பியின் பெயரையே அடிக்க வைத்தாய். நேற்று பையன்கள் 'இருக்கேன்' என்று சொன்னது எனக்குக் கேட்கவேயில்லை. உதட்டைப் பார்த்து டிக் போட்டேன்.

வருகிற ஞாயிறு வத்திராயிருப்பு அணியோடு கடைசி ஆட்டம். ஜெயித்தால் முதல் டிவிஷனில் ஒட்டிக்கொள்வோம். இல்லாவிட்டால் அறுபத்து நாலு வருஷத்தில் முதல் தடவையாக இரண்டாவது டிவிஷன். உனக்குத் தூக்கம் வருகிறதா?

"நேரில் போய்ச் சொல்லுங்களேன், பஸ்ஸில் அரை மணி நேரம்தானே" என்கிறாள் வீட்டில் கோதைநாயகி. நேரில் வந்தால் டீ வாங்கிக் கொடுப்பாய். நான் டீயைக் குடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன். அதனால்தான் தபால்.

சக்ரபாணி


ராஜபாளையம்
17.7.2025

ஏலே சக்கரை,

தபால்காரன் உன் கவரை ரெண்டு கையாலயும் நீட்டி, "கோர்ட்டு நோட்டீஸா அண்ணாச்சி?"ன்னு கேக்கான். பக்கத்து ஊருக்குத் தபால் எழுதுத ஒரே மனுசன் நீதாம்லே.

உன் கணக்கெல்லாம் சரி. 9, 27, 58. நான் இல்லைங்கலையே. எனக்கும் அந்த பில்டப்பு எழவு புரியத்தான் இல்ல. நான் ஸ்டாப்பர் பேக்கா ஆடின காலத்துல பந்தைக் கண்டா சஞ்சீவி மலையில விழுந்து பொறுக்குத மாதிரி உதைப்பேன். ஆனா கோச்சு லைசென்ஸ் வாங்கின ஆளு. நான் போயி "ஐயா, உதைக்கச் சொல்லுங்க"ன்னா, பெருசு உளறுதுன்னு பயலுவ சிரிப்பானுவ.

2009-ல மில்லு இனிமே பணம் இல்லைன்னு கைய விரிச்சுச்சே, அப்ப நீ எங்க இருந்த? கிரவுண்டு ஓரத்துல நோட்டை மடியில வச்சு உக்காந்திருந்த. ஒவ்வொரு வாசலா ஏறி இறங்கினது நான். மூணு வருசம் நம்ம பயலுவ சாயம் போன சட்டையில ஆடினானுவ. ஒருத்தன் சட்டையில பின்னால நம்பரே கிடையாது, பேனாவால எழுதி விட்டேன். பொறவுதான் இந்த கம்பெனிக்காரன் வந்தான். பூட்ஸு, வேன், அடிபட்டா டாக்டர். இந்த வருசம் பேரை மாத்தணும்னான். காண்டாமிருகம் என்ன, கழுதைன்னு வச்சிருந்தாலும் தலையாட்டியிருப்பேன்.

நீ ஒரு நாளாவது சத்தம் போட்டிருக்கியா? கோல் விழுந்தா அம்புட்டுப் பேரும் குதிப்பான். நீ குனிஞ்சு டைம் எழுதுவ. கோபம் வந்தாலும் குனிஞ்சு எழுதுத. எழுது. நல்லா எழுது.

ஞாயித்துக்கிழமை மூணரைக்கு வந்து சேரு. டிஜேயை நிப்பாட்டச் சொல்லிட்டேன். நீ மஸ்டர் வாசிச்சாத்தான் ஆட்டம். ஜெயிக்கதுக்கு உண்டானதை நான் ஏற்பாடு பண்ணிட்டேன், கவலைப்படாத.

சௌந்தரு


ஸ்ரீவில்லிபுத்தூர்
21.7.2025, திங்கள்

சௌந்தரபாண்டியா,

நேற்று ஜெயித்தோம். ஒன்று-பூஜ்யம். 38-வது நிமிஷம். வீட்டுக்கு வந்து நான் சாப்பிடவில்லை.

ஏழாவது பெயரை வாசித்தேன். "மாரிசெல்வம்." அந்தப் பெயருக்கு வழக்கமாக "இருக்கேன் சார்" என்ற சின்னக் குரல் ஓர் இருமலோடு வரும். பேண்டேஜ் யூனிட்டில் வேலை பார்க்கிறவன், பஞ்சுத் தூசி. நேற்று "பிரசன்ட்" என்று கனத்த குரல் வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். மாரிசெல்வத்தைவிட அரையடி உயரம், தாடி, முன்பின் பார்த்திராத முகம்.

என் விரல் அந்தப் பெயரின்மேல் நின்றது. மூன்று விநாடி இருக்கும். பத்துப் பையன்களும் தரையைப் பார்த்தார்கள். நீ மட்டும் என்னைப் பார்த்தாய். 'வாசி' என்று உன் உதடு அசைந்தது. நான் எட்டாவது பெயரை வாசித்தேன்.

உன்மேல் உள்ள கோபத்தை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் எட்டாவது பெயரை வாசித்தது என் வாய். அதை நினைத்தால் பேனா ஓடவில்லை.

கோலைப் போட்டது அவன். நல்ல கோல், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. 66-வது நிமிஷம் அவனே முழங்கையை வீசினான். வத்திராயிருப்பு பேக் விக்னேஷ்வரனுக்கு முன்பல் இரண்டு போயிற்று. புல்லில் குனிந்து அந்தப் பையன் தன் பல்லைத் தேடியதை நான் பார்த்தேன். பிறகு தள்ளுமுள்ளு. ரெஃபரி சிவப்பு அட்டையைக் காட்டி, தன் சீட்டில் எழுதிக்கொண்டார்: 'எண் ஏழு, மாரிசெல்வம்.'

கடைசி விசில் ஊதியதும் உன்னைத் தோளில் தூக்கினார்கள். நீ மேலிருந்து என்னைப் பார்த்துக் கையசைத்தாய். நானும் கையசைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதையும் எழுதத்தான் வேண்டும்.

நோட்டில் ஏழாவது வரி காலியாக இருக்கிறது. அந்த ஆள் யார்? மாரிசெல்வம் எங்கே இருந்தான்? இரண்டுக்கும் பதில் எழுது.

சக்ரபாணி


ராஜபாளையம்
24.7.2025

சக்கரை,

வெளியூர்ப் பய. பேரு உனக்கு வேண்டாம். லீக்குல பேர் பதியுத தேதி முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு, புது ஆளை இறக்க முடியாது. கம்பெனிக்காரன் ஆளைக் கூட்டியாந்து நிறுத்திட்டு, "இவனை யார் பேர்லயாவது இறக்குங்க"ன்னான். மாரிசெல்வத்துக்கிட்டச் சொல்லியாச்சு. அவனும் சரின்னுட்டான். ஒரே ஒரு ஆட்டம். இன்னிக்கு எந்த கிளப்புலே இதைப் பண்ணாம இருக்கான்?

எனக்கு மட்டும் இனிக்குதா? ஆனா நாம முதல் டிவிஷன்ல இருக்கோம். அடுத்த வருசமும் இருப்போம். இருந்தாத்தான் கம்பெனிக்காரன் இருப்பான். அவன் இருந்தாத்தான் கிளப்பு இருக்கும். இதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல.

நோட்டுல மாரிசெல்வம்னே எழுதிரு.

மாட்டேன்னு சொல்லுவ. உன் நோட்டு என்ன கல்வெட்டா? 1984 பக்கத்தைத் திருப்பு. சிவகாசியோட ஃபைனல், 54-வது நிமிசம். அந்தக் கோலைப் போட்டது யாருன்னு ஊருக்கே தெரியும். நான்தான். கார்னர்ல வந்த பந்தை வெளிய தட்டுதேன்னு தலையால நம்ம வலைக்குள்ளயே தட்டினேன். சேம் சைடு கோல். கோப்பை போச்சு. நீ யார் பேரை எழுதி வச்சிருக்க? சிவகாசி ஒன்பதாம் நம்பர்காரன் பேரை. ஒரு நாளு உன் வீட்டுக்கு வந்தப்ப, நீ காப்பி எடுத்துட்டு வாரதுக்குள்ள புரட்டிப் பாத்தேன். முப்பது வருசமா நான் வாயத் தொறக்கல.

அன்னிக்கு எனக்காக ஒரு பேரை மாத்தி எழுதினவன், இன்னிக்கு கிளப்புக்காக ஒரு பேரை எழுத மாட்டியா?

சௌந்தரு


ஸ்ரீவில்லிபுத்தூர்
30.7.2025, புதன்

சௌந்தரபாண்டியனுக்கு,

ஆடிப்பூரத் தேர்க் கூட்டத்தில் உன் கடிதம் தாமதமாக வந்தது. நல்லதாயிற்று. அதற்கு முன்பே நான் மாரிசெல்வத்தின் வீட்டுக்குப் போய் வந்துவிட்டேன்.

நீ சொன்னது பொய். அவனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. மூன்று மணிக்கு வேன் என்று சொல்லி ஒன்றரைக்கே எடுத்துவிட்டீர்கள். அவன் பூட்ஸை வைத்துக்கொண்டு முடங்கியார் ரோட்டில் நாலு மணி வரை நின்றிருக்கிறான். தனக்குச் சிவப்பு அட்டை விழுந்ததை மறுநாள் பேப்பரில் படித்துத் தெரிந்துகொண்டான். ஒரு வருஷத் தடை என்று லீக் கமிட்டியிலிருந்து தாள் வந்திருக்கிறது. ஆறாம் தேதி விருதுநகரில் விசாரித்து உறுதி செய்வார்களாம். பத்தாம் தேதி மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். மாவட்டத்துக்கு ஆடிய சான்றிதழ் இருந்தால்தான் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு மனுப் போட முடியும். மூன்று வருஷமாக அதற்காகத்தான் அவன் விடிகாலையில் ஓடுகிறான். உனக்குத் தெரியாதா? நீதானே அவனுக்கு முதல் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தாய்?

அவன் தாயார் இருளம்மாள் செல்போனை என்னிடம் நீட்டினார். உங்கள் ரைனோஸ் பக்கத்தில் அந்த கோல் ஓடிக்கொண்டிருந்தது. மெதுவாக, பாட்டோடு, முதுகும் ஏழாம் எண்ணும் மட்டும் தெரிய. கீழே 'மாரிசெல்வம், சூறாவளி' என்று போட்டிருக்கிறீர்கள். "நடை எம்மவன் நடை இல்லையே சார். இது யாரு?" என்று கேட்டார். ஏழாவது பெயரை வாசித்தவன் நான்தான் என்று சொல்லவில்லை. தண்ணீர் கொடுத்தார், குடித்துவிட்டு வந்தேன்.

1984-ஐப் பற்றி. நீ பார்த்திருப்பாய் என்று நான் நினைத்ததில்லை. ஆம், பொய்தான் எழுதினேன். கோல் விழுந்ததும் நீ கம்பத்தருகே குப்புற விழுந்தாய். நம் ஆட்களே செருப்பை வீசினார்கள். ஒரு செருப்பு உன் முதுகில் விழுந்தது. நீ எழுந்திருக்கவில்லை. உன் பெயரின் முதல் எழுத்தை எழுதினேன். கை மேலே போகவில்லை. அடித்துவிட்டு, பக்கத்தில் நின்ற ஒன்பதாம் எண்ணின் பெயரைப் போட்டேன். அந்தப் பொய்யால் யாருடைய சோற்றிலும் மண் விழவில்லை என்று நாற்பத்தொரு வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது அது சரியா என்றும் தெரியவில்லை. ஒரு பொய்க்கு இடம் கொடுத்த நோட்டு என்பதால்தானே இன்னொன்றுக்கு இடம் கேட்கிறாய்.

ஆறாம் தேதி நான் விருதுநகர் போகிறேன். சொன்னால் அந்த மூன்று புள்ளியும் போகும், கிளப் இறங்கிவிடும். எனக்குத் தெரிகிறது.

சக்ரபாணி


ராஜபாளையம்
2.8.2025

சக்கரை,

நீ போக மாட்ட.

நாலு பேர் நிமிந்து பாத்தா நீ நோட்டுக்குள்ள குனிஞ்சுக்கிடுவ. மில்லுல லேப்ல நூலு கவுண்டு தப்பா வந்தா, மானேஜர் முகத்தைப் பாத்துச் சொல்லப் பயந்து துண்டுச் சீட்டு எழுதி மேசையில வச்சுட்டு ஓடுவ. அவரு கூப்பிட்டா பாத்ரூமுக்குள்ள போயிருவ. நீயா கமிட்டி முன்னால நின்னு பேசப் போற?

சரி, போற. போயிட்டேன்னே வச்சுக்கிடுவோம். என்ன நடக்கும்? அறுபத்து நாலு வருசம் மேல நின்ன கிளப்பு உன் வாயால கீழ விழும். கம்பெனிக்காரன் மறுநாளே வேனை எடுத்துக்கிட்டுப் போயிருவான். அடுத்த வருசம் மாரிசெல்வம் ஆட எந்த கிளப்பு இருக்கும்? நான் செத்தா என் மேல போத்த வெள்ளைச் சட்டை ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன். அதையும் கொண்டாந்து உன்கிட்டத் தாரேன், வச்சுக்க.

அவன் பேர்ல மன்னிப்புக் கடுதாசி நானே எழுதிக் குடுத்தாச்சு. தள்ளுமுள்ளு நடந்ததால ரெண்டு டீமையும் வரச் சொல்லியிருக்கான். மாரிசெல்வத்துக்கு மட்டும் காய்ச்சல்னு சொல்லியாச்சு. ஒரு வருசத்தை ஆறு மாசமாக் குறைக்கப் பேசி வச்சிருக்கேன். அதைக் கெடுக்காத.

இன்னொண்ணும் சொல்லிருதேன். 84-ல நீ எனக்காக ஒண்ணும் எழுதல. இரக்கமாம். நான் எந்திரிச்சு வந்து அந்தப் பக்கத்தைப் பாத்தா என்ன சொல்லுவேனோன்னு உனக்குப் பயம். எழுதினா நான் வருத்தப்படுவேன், எழுதாட்டா நோட்டு வருத்தப்படும். யாரைக் கண்டா உனக்குப் பயம் கம்மியோ அவன் பேரை எழுதிட்ட. முப்பது வருசமா அதைப் பாத்து எனக்கு எரியுது. என் தப்பை எனக்கே இல்லைன்னு ஆக்கிட்டியே! ஊரே செருப்பெடுத்து எறிஞ்சுச்சு. அதைவிட உன் நோட்டுதாம்லே எனக்கு அசிங்கமா இருந்துச்சு.

போகாத. உன் கால்ல விழுதேன் சாமி, போகாத.

சௌந்தரபாண்டியன்


ராஜபாளையம்
9.8.2025

சக்ரபாணி,

நாலு நாளா எழுதி எழுதிக் கிழிச்சுட்டேன். இதையும் கிழிப்பேனோ என்னவோ.

கொன்னுட்டலே. கிளப்பைக் கொன்னுட்ட.

நீ உள்ள நுழைஞ்சப்ப எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. வேட்டி மடிப்புக் கலையாம, நோட்டை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு. உனக்குப் பின்னால மாரிசெல்வம் வந்தான் பாரு, அங்க செத்துச்சு என் சிரிப்பு. அவனைக் கொண்டுபோயி கடைசி பெஞ்சுல உக்கார வச்ச. காய்ச்சல்னு சொன்ன பய, அங்க பெஞ்சுல இருக்கான்.

தலைவர் உன்னைப் பேசச் சொன்னாரு. நீ வேட்டி மடிப்பை நீவி விட்டுக்கிட்டு நின்ன. பொறவு நோட்டை அவர் கையில குடுத்த. அவரு புரட்டிட்டு, "இதுல இருக்கது எல்லாம் உண்மையா?"ன்னு கேட்டாரு. ஆமான்னு ஒரு சொல்லு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். நீ சொல்லுத, "ஒரு பக்கம் தவிர ஐயா." என்ன பக்கம்னு கேட்டதும் 1984, 54-வது நிமிசம்னு ஒப்பிச்ச. என் பேரைச் சொல்லி, சேம் சைடு கோலுன்னு சொல்லி, அம்புட்டுப் பேர் முன்னால! பயலுவ வாயைப் பொத்திச் சிரிச்சானுவ. தலைவர் நோட்டைப் படக்குன்னு மூடி, "பொய் எழுதின நோட்டை நாங்க எப்படிங்க சாட்சியா எடுத்துக்கிட முடியும்?"ன்னுட்டாரு.

தப்பிச்சோம்னு நான் மூச்சு விட்டேன். உன்னைக் கட்டிப் பிடிக்கணும் போல இருந்துச்சு, சத்தியமா. உண்மை சொல்லியே உண்மையைக் கெடுத்துட்டாம்பா எங்க சக்கரைன்னு நினைச்சேன்.

நீ உக்காரல. "நோட்டு மூடியே இருக்கட்டும் ஐயா. இருபதாம் தேதி மஸ்டரை ஒரு தடவை வாசிச்சுக்கிடுதேன்"ன்ன. அவரு எதுக்குன்னு கேக்கதுக்குள்ள தொடங்கிட்ட. கண்ணை மூடிக்கிட்டு, கிரவுண்டுல வாசிக்க அதே குரல்ல. முதல் பேருக்கு கோல்கீப்பர் பய தன்னை அறியாம எந்திரிச்சு "இருக்கேன்"ங்கான். ரெண்டு, மூணு, நாலு. சோலைராஜ், "இருக்கேன்." கோச்சு அவன் சட்டையப் பிடிச்சு இழுக்காரு, அவன் நிக்கான்.

ஏழாவது பேரு. மாரிசெல்வம் எந்திரிக்கல. என்னைப் பாத்தான். செயலாளர் நான் முறைச்சா அவன் வாயைத் தொறக்க மாட்டான், எனக்குத் தெரியும். நீ காத்துக்கிட்டு நின்ன. கண்ணைத் தொறக்கல. எட்டாவது பேருக்குப் போவன்னு பாத்தேன். போகல.

நான்தாம்லே சொன்னேன். "கூப்பிட்டா பதில் சொல்லுலே!"

ஏன் சொன்னேன்னு இன்னி வரைக்கும் எனக்குத் தெரியல. மஸ்டர்ல பேரைக் கூப்பிட்டா பதில் வரணும். கேப்டனா நின்னு எத்தனை வருசம் பயலுவளை அதட்டியிருக்கேன். வாய் பாட்டுக்கு வந்துருச்சு. அவன் எந்திரிச்சு "இருக்கேன் சார்"ன்னான். இருமினான். அந்தப் பல்லு போன விக்னேஷ்வரன் திரும்பிப் பாத்து, "ஐயா, இவன் இல்லை. என்னை அடிச்சது இவனே இல்லை"ன்னான்.

அம்புட்டுதான். ரெண்டாவது டிவிசன். எனக்கு மூணு வருசம் தடை. கம்பெனிக்காரன் வேனை எடுத்துட்டான், ஆரஞ்சு சட்டையையும் எண்ணி வாங்கிட்டான். பதவியை எழுதிக் குடுத்துட்டேன். மாரிசெல்வம் நாளைக்கு செலக்சனுக்குப் போறான். போகட்டும்.

இனிமே எனக்கு எழுதாத. அந்த கிரவுண்டுப் பக்கம் நான் தலைவச்சுப் படுக்க மாட்டேன்.

சௌந்தரபாண்டியன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
5.1.2026, திங்கள்

சௌந்தரபாண்டியனுக்கு,

எழுதாதே என்று எழுதியிருந்தாய். ஐந்து மாதம் எழுதவில்லை. கோதைநாயகியிடம் உன்னைப் பற்றித் திட்டித் தீர்த்தேன். அவள் இப்போது அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறாள். ஆகவே மறுபடி தபால்.

நீ சொன்னது சரி. அன்றைக்கு நான் எழுதியது பயத்தில்தான். இரக்கமும் இருந்தது என்று இன்னும் நினைக்கிறேன், ஆனால் பயம்தான் முந்திக்கொண்டது. 1984 பக்கத்தில் ஒன்பதாம் எண்ணை அடித்துவிட்டேன். மேலே சிவப்பு மையில், '54, சௌந்தரபாண்டியன், சேம் சைடு' என்று எழுதி, தேதியிட்டுக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். உன் கோல் உன்னுடையதுதான். எடுத்துக்கொள்.

அதனால் உன்மேல் கோபம் தீர்ந்தது என்று நினைக்காதே. மாரிசெல்வத்தை ரோட்டில் நிற்க வைத்ததை நான் மன்னிக்கவில்லை. அவன் மாவட்ட அணியில் இருக்கிறான், உனக்குச் செய்தி வந்திருக்கும். அவனே வந்து சொன்னானாம், நீ கதவைத் திறக்கவில்லையாம். அதையும் சேர்த்துதான் கோபம்.

நேற்று சேத்தூரில் இரண்டாவது டிவிஷன் முதல் ஆட்டம். புல் பாதி, முள் பாதி. கார்னர் கொடிக்குப் பக்கத்தில் ஆடு மேய்கிறது. வேன் இல்லை, பையன்கள் மோட்டார் சைக்கிளில் மூன்று மூன்று பேராக வந்தார்கள். பேண்டேஜ் யூனிட்டில் துணி வாங்கி மாரிசெல்வம் தன் தாயாரை வைத்து வெள்ளைச் சட்டை தைத்திருந்தான். துணி மெல்லிசு, வியர்த்ததும் முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. நம்பர் எல்லாருக்கும் உண்டு. இருமலுக்கு மருந்து வாங்கச் சொன்னேன், கேட்க மாட்டேன் என்கிறான்.

இரண்டு-மூன்று, தோல்வி. நம் கோல்கள் 31, 77. சோலைராஜ் 31-வது நிமிஷக் கோலைப் போட்டுவிட்டு, பழக்கதோஷத்தில் கோட்டருகே ஓடிப்போய்க் கைகளை விரித்து நின்றான். அங்கே கேமரா இல்லை. ஓர் ஆடுதான் நின்றது. கோச் போய்விட்டார், பில்டப் போகவில்லை. நாம் வாங்கிய மூன்றாவது கோல் அதில்தான் வந்தது. அப்போது எனக்கு என்ன ஆயிற்றோ, எழுந்து நின்று "உதைலே!" என்று கத்திவிட்டேன். கிரவுண்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ரெஃபரியும் பார்த்தார். அடுத்த பந்தை அந்தப் பையன் உதைத்தான். பந்து கிரவுண்டைத் தாண்டித் தென்னந்தோப்பில் விழுந்தது. தேடி எடுக்க நாலு நிமிஷம். குறித்திருக்கிறேன்.

தடை இருக்கும்வரை நீ கிளப்பில் பதவி வகிக்கக் கூடாது, கோட்டுக்குள் வரக் கூடாது. விதியை இரண்டு தடவை படித்தேன். வெளியே நின்று பார்க்கக் கூடாது என்று எங்கும் இல்லை.

நேற்று மஸ்டரில் பதினொரு பெயரும் வாசித்த பிறகு பன்னிரண்டாவதாக உன் பெயரை வாசித்தேன். பையன்கள் திரும்பி ரோட்டைப் பார்த்தார்கள். நானும் கொஞ்ச நேரம் பார்த்தேன். பதில் வரவில்லை. 'ஆப்சென்ட்' என்று போட்டிருக்கிறேன்.

மூன்று ஆனால் பெயரை அடித்துவிட வேண்டும். விதி உன்னுடையது. வருகிற ஞாயிறு பதினொன்றாம் தேதி. அதற்கு அடுத்தது, பொங்கல் கழிந்து பதினெட்டு. இரண்டும் சேத்தூரில்தான், மூன்றரை மணிக்கு.

சக்ரபாணி